மாமாவுக்குப் படைத்த பிஸ்கட்

தேநீரோடு கடிக்க ஒன்றும் வைக்கவில்லை என்று குறை நினைக்காதீர்கள், ஐயா. வீட்டில் பிஸ்கட் இல்லை. மிக்சர் இல்லை, ரொபி இல்லை, போத்தலில் முறுக்கு இல்லை. சீனி போதாது என்றால் மட்டும் சொல்லுங்கள், அலுமாரியைத் திறந்து எடுத்துத் தருகிறேன். திறப்பு என் சங்கிலியில்தான் கிடக்கிறது.

நீங்கள் மாவட்டக் கந்தோரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரு படிவத்துக்காக. இறப்புப் பதிகிற படிவங்களில் ஒன்று குறைகிறது, அது ஒரு பள்ளிக்கூடப் பையனின் கொப்பிக்குள் இருந்திருக்கிறது, அதில் என் கையெழுத்து இருக்கிறது. ஓம், அது என் கையெழுத்துத்தான். பதினொரு வருடமாக இந்தப் பிரிவுக்கு நான்தான் பிறப்பு இறப்புப் பதிவாளர். உதயகலா என்ற பெயரை அதைவிட வடிவாக வேறு ஒருவராலும் எழுத முடியாது. ஆனால் நீங்கள் ஏன் என்றும் கேட்டீர்கள். அதைச் சொல்வதென்றால் என் பிள்ளைகளின் பல்லில் இருந்து தொடங்க வேண்டும்.

மூத்தவன் லக்ஷனுக்கு ஏழு வயது. இளையவள் கஜானிக்கு ஐந்து. இவர்களின் தகப்பன் ஜெயசுதன் வவுனியாவில் வேலை. வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் விடிய வெளிக்கிட்டுவிடுவார். மற்ற நாளெல்லாம் நான் தனி. படலையில் தொங்குகிற பதிவாளர் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சனங்கள் கந்தோர் நேரம் பார்த்துச் சாவதில்லை, ஐயா. முன் அறையில் ஒருவர் தகப்பனின் பெயருக்கு எந்த லகரம் என்று தெரியாமல் விம்மிக்கொண்டு இருப்பார். திரைக்குப் பின்னால் இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் ஆளுக்கு ஒரு பைக்கற் கொடுப்பேன். பிறப்புப் பதிய வந்தால் பிஸ்கட், இறப்புக்கு மிக்சர். செத்தவருக்கு இரண்டு மனைவிமார் இருந்து இரண்டு பேரும் வந்துவிட்டால் சுன்னாகம் சந்தியில் றோல்ஸ் எடுப்பித்து வைத்துக்கொண்டுதான் பேனையைத் தொடுவேன். வீடு கோயில் மாதிரி அமைதியாக இருக்கும்.

இது போதாதென்று சுவிஸ்.

என் தம்பி பார்த்தீபன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறான். போய்ப் பன்னிரண்டு வருடம். அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது நான். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் செய்யவில்லை. அங்கே இருப்பதற்கான கடதாசிகள் போன வருடந்தான் சரிவந்தன, அதனால் என் பிள்ளைகளை அவன் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஞாயிறு ஞாயிறு தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பான். இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி வரும். முழுக்கச் சொக்லேட். ஒவ்வொன்றிலும் தடித்த பேனையால் எழுதியிருப்பான், ‘லக்ஷன் பெடியனுக்கு, மாமா’, ‘கஜானிக் குட்டிக்கு, மாமா’. இவர்கள் அதைப் பிரித்து வாயில் வைக்கும்வரை அவன் அந்தக் கடையின் பின்படியில், ஏப்ரனோடு, குளிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். எங்கேயோ இருந்துகொண்டு ஒருவன் என் பிள்ளைகளின் பல்லைக் கெடுக்கிறானே என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஆவணி மாதம் பல் கிளினிக்கில் கஜானியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நாலு சூத்தை என்றார்கள். பல் பார்த்த அந்தப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள், வரிசையில் நின்ற எல்லாத் தாய்மாருக்கும் கேட்கிற மாதிரி, “அம்மா வேலைக்குப் போறவவோ?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

முதலில் நேர்வழியில்தான் முயன்றேன். பயறு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு வைத்தேன், கோழி தின்றது. கொய்யாப்பழம் வெட்டி வைத்தேன், அதுவும் கோழிக்குத்தான் போனது. கரட்டை நீட்டு நீட்டாக வெட்டிக் கொடுத்தேன், லக்ஷன் அதை இரண்டு காதுக்குள்ளும் செருகிக்கொண்டு வந்து முன் அறையில் செத்தவீட்டுக்காரருக்கு முன்னால் நின்றான். பைக்கற் கேட்காத நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று சுவரில் அட்டை ஒட்டினேன். இரண்டாம் நாளே அதில் பதினாலு நட்சத்திரம் இருந்தது. பதினாலையும் அவனே கீறியிருந்தான். அந்த மாதம் எங்கள் வளவில் நல்ல பழக்கத்துக்கு வந்தது கோழிகள் மட்டும்தான்.

அப்போதுதான் டினேஸ் என்று ஒருவர் தன் தகப்பனின் இறப்பைப் பதிய வந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார். நான் பழக்கதோசத்தில் பிஸ்கட் தட்டை நீட்டினேன். சின்னவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“எங்களுக்குத் துடக்கு அன்ரி. தின்னக்கூடாது,” என்றான்.

துடக்கு என்றால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செத்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போவதில்லை, அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏற்றுவதில்லை, பலகாரம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாலு வயதுகூட இராது. ஒருவரும் அதட்டவில்லை, அட்டை ஒட்டவில்லை, நட்சத்திரம் கொடுக்கவில்லை. தட்டைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான், கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். பதினொரு வருடமாக இந்த மருந்து என் முன் அறைக்குள் வந்து வந்து போயிருக்கிறது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு பழக்கத்தை மாற்ற ஒரு மாதம் வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். துடக்கு முப்பத்தொரு நாள். எல்லாம் பொருந்திவந்தது. ஒரு ஆள்தான் குறைந்தது.

அன்று பின்னேரம் பிள்ளைகளை இருத்தி வைத்துச் சொன்னேன், எங்களுக்குத் துடக்கு, இனி ஒரு மாதத்துக்கு நொறுக்குத்தீனி இல்லை என்று. லக்ஷன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஆர் செத்தது?”

பதிவாளரின் மகன். உங்களைப் போலத்தான், முதலில் பெயரைக் கேட்பான். நான் அதை ஆயத்தம் செய்து வைக்கவில்லை. ஜெயசுதன் வெள்ளிக்கிழமை வந்து நிற்பார். பக்கத்து வீட்டு மக்டலீன் அக்கா அந்த நேரம்கூட வேலிக்கு அங்கால் இருமிக்கொண்டு இருந்தா. துடக்குக் காக்கிற அளவுக்குக் கிட்டிய சொந்தமாகவும் இருக்க வேண்டும், படலையைத் திறந்துகொண்டு வராத தூரத்திலும் இருக்க வேண்டும். அப்படி எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.

“பார்த்தீபன் மாமா,” என்றேன்.

வாய் தவறி வந்தது என்று எழுதிவிடாதீர்கள். நான் அரை நிமிடம் யோசித்துத்தான் சொன்னேன். சரியாகப் பார்த்தால் தாய்மாமனுக்கு இவர்கள் முப்பத்தொரு நாள் காக்கத் தேவையில்லை, மூன்று நாளோடு முடிந்துவிடும். மூன்று நாளில் என்ன பழக்கம் மாறும், சொல்லுங்கள்.

கஜானி உடனே அழத் தொடங்கிவிட்டாள். இவன் அழவில்லை. “பதிஞ்சாச்சா?” என்று கேட்டான். இந்த வீட்டில் பதியாதவர் செத்தவர் இல்லை. நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி, அவன் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறான். சுவிசில் செத்தவரைச் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் நான் பதிய முடியாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. அவனுக்குத் தெரியாது. ஒரு படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, ஆண். இறந்த இடம், குசினி. இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் சீனி என்று எழுதினேன். அறிவித்தவர், அக்கா. லக்ஷன் எழுத்துக்கூட்டிக் கடைசி வரி மட்டும் வாசித்தான். அதற்குப் பிறகுதான் அவன் அழுதான்.

அவன் அதை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. என் பக்கத்தில் கவனக்குறைவு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அதன் பின் நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒருவரும் பைக்கற் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் லக்ஷன் தானாகப் பயறு எடுத்துத் தின்றான், கோழிக்கு முகம் வாடிவிட்டது. எட்டாம் நாள் கஜானி வந்து, எட்டுக்குப் படைக்கிறதில்லையோ என்று கேட்டாள். செத்தவருக்கு எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எதைத்தான் மறைப்பது. சந்தியில் உள்ள ஸ்ரூடியோவில் பார்த்தீபனின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். கடைக்காரர் பாவம், ஆர் எண்டு கேட்டு, தம்பி என்றதும் ஒரு சின்ன மின்குமிழையும் மாலையையும் சும்மா சேர்த்துத் தந்தார். கஜானி தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பைக்கற்றை எடுத்துவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்படி ஒன்று அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. பாருங்கள், எந்த அதட்டலுக்கும் வெளியே வராத பைக்கற்.

அன்றிலிருந்து கையில் கிடைப்பது எல்லாம் மாமாவுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளுக்குக் கொடுத்த ரொபி, மக்டலீன் அக்காவின் கேக், பஸ்ஸில் யாரோ கிழவர் கொடுத்த கச்சான் கடலை. பின்னேரம் படைப்பார்கள், விடிய எழும்பிப் பார்த்தால் தட்டு வெறுமையாக இருக்கும். “மாமா வந்து திண்டிட்டுப் போட்டார் அம்மா!” என்று கஜானி கைதட்டுவாள். தட்டை அப்படியே விட்டால் எறும்பு வரும், ஐயா. விடியப்புறம் முதலில் எழும்புகிற ஆள் ஒருவர் அதைப் பார்க்கத்தானே வேண்டும்.

ஜெயசுதனைப் பற்றிக் கேட்பீர்கள். வெள்ளிக்கிழமைகளில் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். “அப்பாவுக்கு மாமாவிலை சரியான விருப்பம். கேட்டா அழுவார். நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ,” என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். ஒரு சொல் வெளியே வரவில்லை. தகப்பன் முகம் பார்த்துப் பார்த்து, அவர் சிரிக்க வேண்டுமென்று இரண்டும் வலிந்து விளையாட்டுக் காட்டின. அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

பார்த்தீபனோடுதான் கொஞ்சம் கரைச்சல். ஞாயிறுகளில் ஜெயசுதனையும் பிள்ளைகளையும் சந்தைக்கு அனுப்பிவிட்டுத்தான் அவனோடு கதைத்தேன். முதல் ஞாயிறு தொலைபேசி விழுந்துவிட்டது என்றேன். இரண்டாம் ஞாயிறு சோதனைக்குப் படிக்கிறார்கள் என்றேன். மூன்றாம் ஞாயிறு விடாமல் கேட்டுக்கொண்டு நின்றான், எனக்குக் கறி அடிப்பிடிக்கிறது.

“அவையளுக்கு உன்னோடை கதைக்க விருப்பமில்லையாம்,” என்றேன்.

அவனுக்குப் பின்னால் கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

“நான் என்ன பிழை விட்டனான் அக்கா?”

“ஒண்டுமில்லையடா. சின்னப்பிள்ளையள் தானே,” என்றுவிட்டுக் கறியை இறக்கப் போனேன்.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் வாணி விழா வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவலும் சர்க்கரையும் கொடுத்திருக்கிறார்கள். லக்ஷன் மட்டும் மண்டபத்துக்கு வெளியே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். சுவர்ணா ரீச்சர் போய்க் கேட்டதற்கு, “எனக்குத் துடக்கு, உள்ளை வரக்கூடாது,” என்று சொல்லிக் கொப்பியைத் திறந்து படிவத்தைக் காட்டியிருக்கிறான். ரீச்சர் அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினா. அவவில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு ஏழு வயதுப் பிள்ளை சர்க்கரையை வேண்டாமென்று சொன்னதை அவ ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு மனவருத்தம்தான்.

முப்பதாம் நாள் புதன்கிழமை. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். பிள்ளைகள் படத்துக்கு விளக்குக் கொளுத்தித் தேவாரம் படித்துக்கொண்டு இருந்தார்கள். படலையில் ஓட்டோ வந்து நின்றது. யாருக்கோ சாவு என்று பேனையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பார்த்தீபன் ஒரு பெரிய சூட்கேசோடு இறங்கினான்.

தொலைபேசியில் தெரிவதைவிடக் கொழுத்திருந்தான். லீவு எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல், பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். வாயில் விரலை வைத்து என்னைச் சத்தம் போடாதே என்றான். சிரித்துக்கொண்டே யன்னலடிக்குப் போய் எட்டிப் பார்த்தான். உள்ளே கஜானி படத்துக்கு முன்னால் கேக் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு இருந்தாள். “மாமா, இண்டைக்கு கேக். மெதுவாத் தின்னுங்கோ, புரையேறும்,” என்று படத்துக்குச் சொன்னாள். அவன் மாலையைப் பார்த்தான். மின்குமிழைப் பார்த்தான். திரும்பி என்னிடம் வந்தான்.

“அக்கா, நான் செத்து எத்தினை நாள்?”

“இண்டைக்கு முப்பது,” என்றேன். அவனிடம் பொய் சொல்ல ஒரு தேவையும் இருக்கவில்லை.

சூட்கேசின் மேல் உட்கார்ந்தான். கிளினிக், பயறு, நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எடுத்துச் சொன்னேன். இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது, இப்போது நீ உள்ளே போனால் சாவு என்பது ஒரு விளையாட்டு என்று இவர்கள் நினைப்பார்கள், இனி நான் சொல்கிற எதையும் நம்பமாட்டார்கள் என்றேன். அவன் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான். சின்ன வயதிலும் அப்படித்தான், நான் சொன்னால் கேட்பான்.

“இப்ப பல்லு நல்லமோ?” என்று கேட்டான்.

“புதுசா ஒண்டும் சூத்தை வரேல்லை.”

“நான் ஒருக்காத் தொட்டிட்டுப் போறன் அக்கா. நித்திரையான பிறகெண்டாலும்.”

“முழிச்சா என்ன செய்யிறது? செத்த ஆள் வந்து தொட்டா, அதுகள் காய்ச்சல்லை விழுந்திடுங்கள்.”

அது நியாயம்தானே. அவனுக்கும் விளங்கியது. முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு எழும்பினான். சூட்கேசை மட்டும் என் காலடியில் விட்டுவிட்டு, அதே ஓட்டோவில் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு லொட்ஜுக்குப் போனான். ஓட்டோ அதுவரை எஞ்சின் நிறுத்தாமல் நின்றது. அத்தானுக்குச் சொல்லாதே என்று படலையில் வைத்துச் சொன்னேன், தலையை ஆட்டினான்.

முப்பத்தொன்றோடு முடிப்பதாகத்தான் இருந்தேன். இவன் வந்து நின்றதால், இனிப் பாதியில் விட முடியாது என்று, துடக்கை ஆட்டைத் திவசம் வரைக்கும், அதாவது ஒரு வருடத்துக்கு, நீட்டிவிட்டேன். பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவனுக்குப் பத்து நாள் லீவு. அவ்வளவு நாளும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் எதிர்ப்பக்க மதிலோடு ஒருவர் நின்றதாகப் பிறகுதான் அறிந்தேன். கடைசி நாள் கஜானி வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“அம்மா, கேற்றடியிலை மாமா மாதிரி ஒராள் நிண்டவர். எனக்கு ரொபி நீட்டினவர்.”

“நீ என்ன செய்தனி?”

“வேண்டாமெண்டனான். எங்கடை மாமா செத்திட்டார், எங்களுக்குத் துடக்கெண்டு சொன்னனான். அவர் அழுதவர் அம்மா. பாவம், அவருக்கும் ஆரோ செத்திட்டினம் போலை.”

அவளைத் தூக்கி வைத்துக் கொஞ்சினேன். ரொபியை வேண்டாமென்றிருக்கிறாள், ஐயா. அதுவும் முன்பின் தெரியாத ஆளிடம். அந்தக் கிளினிக் பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து, வேலைக்குப் போகிற அம்மா என்ன செய்திருக்கிறாள் என்று பார் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் வேறு இல்லை.

பார்த்தீபன் அன்று இரவே விமானம் ஏறிவிட்டான். அதன் பிறகு அவன் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது கறி அடிப்பிடிப்பதில்லை.

இதோ உங்கள் படிவம். மூலையில் கொஞ்சம் ஈரம் பட்டிருக்கிறது, அது லக்ஷன். வீணாக்கியது ஒரு படிவம், அதற்கு என்ன தண்டனையோ எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அதற்கு மேல் நான் ஒரு குற்றமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

சூட்கேசா? அது என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. வந்தபோது உள்ளே முழுக்கச் சொக்லேட். பிள்ளைகளின் கண்ணில் பட்டால் இவ்வளவு நாள் பாடும் வீண். எறிவதற்கு மனம் வரவில்லை, அவன் பன்னிரண்டு வருடம் குளிரில் நின்று உழைத்தது. அதனால் நாளுக்கு இரண்டு என்று நானே பார்த்துக்கொண்டேன். முன் அறையில் சனம் கூடிய நாளில் நாலைந்து. யாரோ ஒருவர் அழுதுகொண்டு இருக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. அது முந்தியே அப்படித்தான்.

பொறுங்கள், இன்னும் ஒன்று இருக்க வேண்டும். ஓம், இது கடைசி. ‘கஜானிக் குட்டிக்கு, மாமா’. பாதி உங்களுக்கு, எடுங்கள். கடதாசியை மட்டும் சத்தமில்லாமல் பிரியுங்கள், ஐயா. பிள்ளைகள் உள்ளே படிக்கிறார்கள், இந்த வீட்டில் ஒருவரும் நொறுக்குத்தீனி தின்பதில்லை.